எல்லாருக்கும் எட்டும் திட்டப் பலகை

கிள்ளானில் உள்ள ஓர் இடைநிலைப்பள்ளியின் தமிழ்மொழிக் கழகம் முத்தமிழ் விழா நடத்த முடிவு செய்கிறது என்று எண்ணிப் பார்க்கலாம். விழாவுக்கு இன்னும் ஆறு வாரங்கள் உள்ளன. செயலவையில் பதினான்கு மாணவர்கள். பள்ளி முதல்வரிடம் அனுமதி பெற வேண்டும்; சிறப்பு விருந்தினருக்கு அழைப்பிதழ் கொடுக்க வேண்டும்; பேச்சுப் போட்டிக்கு நீதிபதிகளைத் தேட வேண்டும். ஒலிபெருக்கி, மேடை அலங்காரம், சிற்றுண்டி, வெற்றிக் கிண்ணங்கள் என வேலைகள் நீள்கின்றன. மாலையும் வெற்றிலையும் தெங்கு கிளானா சாலைக் கடைகளில் கிடைக்கும். நாடக உடைகளை வாடகைக்கு எடுக்கக் கொமுட்டர் ரயிலில் கோலாலம்பூர் சென்ட்ரல் வரை சென்று, பிரிக்பீல்ட்ஸ் கடைகளில் கேட்டுப் பார்க்க வேண்டும்.

கழகம் முதலில் செய்வது என்ன? புலனத்தில் ஒரு குழுவைத் தொடங்குகிறது. முதல் வாரம் எல்லாம் சரியாகவே நடக்கிறது. மூன்றாம் வாரத்தில் அந்தக் குழுவில் செய்திகள் நூற்றுக்கணக்கில் குவிந்துவிடுகின்றன. "அக்கா, ஒலிபெருக்கிக்கு யார் சொல்வது?" என்று படிவம் இரண்டு மாணவன் ஒருவன் கேட்ட கேள்வி, யாரோ ஒருவரின் பிறந்தநாள் வாழ்த்துகளுக்கு அடியில் மறைந்துவிடுகிறது. மாலைக்கு இருவர் தனித்தனியே முன்பணம் கட்டுகிறார்கள். பொருளாளர் ஒரு ரசீதின் படத்தைத் தேடி அரை மணி நேரம் விரலால் திரையைத் தள்ளிக்கொண்டே இருக்கிறார். உடை எடுக்கும் நாள் சனிக்கிழமையிலிருந்து வெள்ளிக்கிழமைக்கு மாறியது. அதை அறிவித்த செய்தியைப் பதின்மூன்று பேர் படித்துவிட்டார்கள். உடைக்குப் பொறுப்பான மாணவிக்கு மட்டும் அது போய்ச் சேரவில்லை. அவளிடம் சொந்தமாகக் கைப்பேசி இல்லை. அம்மா வேலையிலிருந்து திரும்பிய பின்னரே அம்மாவின் கைப்பேசியில் பார்ப்பாள். அடுத்த கூட்டத்தில் அவளுக்குக் கிடைக்கும் பெயர், "பொறுப்பில்லாதவள்".

இத்தகைய குழப்பம் வந்ததும் யாராவது ஒருவர் தீர்வு சொல்வார்: "ஒரு செயலி போட்டால் எல்லாம் சரியாகிவிடும்." இணையத்தில் தேடினால் திட்ட மேலாண்மைச் செயலிகள் வரிசையாக வந்து நிற்கும். டிரெல்லோ, ஆசனா, நோஷன், கிளிக்அப் என ஒவ்வொன்றும் இலவசப் பதிப்பு உண்டு என்கிறது. எதில் வசதிகள் அதிகம் என்று ஒப்பிட்டுப் பார்ப்பதில் மாணவர்கள் இரண்டு நாள்களைக் கழித்துவிடுவார்கள். ஆனால், வசதிகளை எண்ணித் தேர்ந்தெடுப்பது தவறான தொடக்கம். குழுவில் மிகக் குறைந்த வசதி உள்ள உறுப்பினரால் எந்தக் கருவியைத் திறந்து பார்க்க முடியும் என்பதே முதலில் கேட்க வேண்டிய கேள்வி. அவருக்கு எட்டாத கருவி எத்தனை சிறப்புகளைக் கொண்டிருந்தாலும் அந்தக் குழுவுக்கு உரியதன்று.

திட்டமிடும் கருவி உண்மையில் செய்வது மிக எளிய வேலை. என்ன வேலை, யாருடைய வேலை, எந்த நாளுக்குள், இப்பொழுது எந்த நிலையில் உள்ளது என்னும் நான்கு செய்திகளை எல்லாரும் பார்க்கும்படி ஓரிடத்தில் வைப்பதுதான் அது. இதற்குக் கணினி கூடத் தேவையில்லை. இன்று பல செயலிகளில் காணப்படும் 'கன்பன்' பலகை, ஜப்பானின் தொயோத்தா வாகனத் தொழிற்சாலையிலிருந்து வந்தது. கன்பன் என்ற ஜப்பானியச் சொல்லுக்கு அறிவிப்புப் பலகை என்று பொருள். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய ஆண்டுகளில் தாயிச்சி ஓனோ என்னும் பொறியியலாளர் அம்முறையை அங்கு வளர்த்தெடுத்தார். அமெரிக்கப் பேரங்காடிகளில் வாடிக்கையாளர் எடுத்த அளவுக்கு மட்டுமே அடுக்கில் மீண்டும் பொருளை நிரப்புகிறார்கள் என்பதே அவருக்குத் தூண்டுதலாக இருந்தது. தொழிற்சாலையில் ஒரு பகுதியினர் பாகங்களைப் பயன்படுத்தியதும், அவற்றுடன் இருந்த அட்டை முந்திய பகுதிக்குத் திரும்பிச் செல்லும். அட்டை வந்தால்தான் அங்கே அடுத்த பாகத்தைச் செய்வார்கள். வேலையின் நிலையை அட்டையே சொல்லிவிடுவதால், ஒருவர் ஓடிப்போய் மற்றவரைக் கேட்க வேண்டிய தேவை குறைந்தது. டிரெல்லோ போன்ற செயலிகளில் 'செய்ய வேண்டியவை', 'செய்துகொண்டிருப்பவை', 'முடிந்தவை' என்னும் பத்திகளுக்கிடையே நகரும் அட்டைகள் அந்தப் பழைய அட்டைகளின் வழித்தோன்றல்களே.

புலனம் இந்த வேலைக்கு ஏன் உதவவில்லை என்பது இப்பொழுது புரியும். அது பேச்சுக்கான கருவி. பேச்சு ஓடிக்கொண்டே இருக்கும். கடைசியாகச் சொன்னதுதான் கண்முன் நிற்கும். வேலைப் பட்டியலோ ஓடக்கூடாது. ஆறு வாரங்களுக்கு முன் எழுதிய 'ஒலிபெருக்கி' என்ற சொல், அந்த வேலை முடியும்வரை அதே இடத்தில் நின்று எல்லாருடைய கண்ணிலும் பட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

அடுத்து, 'இலவசம்' என்ற சொல்லைச் சற்று நிறுத்திப் பார்க்க வேண்டும். ஆங்கிலத்தில் விலையில்லாததையும் சுதந்திரமானதையும் ஒரே சொல்லால் குறிப்பிடுகிறார்கள். இதனால், 1983-ஆம் ஆண்டில் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய அமெரிக்கரான ரிச்சர்டு ஸ்டால்மன், தாம் பேசுவது விலையைப் பற்றியன்று, உரிமையைப் பற்றியே என்று மீண்டும் மீண்டும் விளக்க வேண்டியிருந்தது. தமிழில் அந்தச் சிக்கல் இல்லை. இலவச மென்பொருள் வேறு; கட்டற்ற மென்பொருள் வேறு. இலவசமாகக் கிடைப்பது உரிமையாளரின் விருப்பத்தால் கிடைப்பது. அவர் மனம் மாறினால் நிபந்தனையும் மாறும். கட்டற்ற மென்பொருளின் மூல நிரலை எவரும் படிக்கலாம், மாற்றலாம், தம் கணினியில் நிறுவலாம், பிறருக்கும் கொடுக்கலாம்.

இந்த வேறுபாடு ஏட்டளவில் மட்டும் உள்ளதன்று. டிரெல்லோ 2011-ஆம் ஆண்டில் அறிமுகமானது. அதன் எளிமை பலரைக் கவர்ந்தது. 2017-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் அட்லாசியன் நிறுவனம் அதனை 425 மில்லியன் அமெரிக்க டாலருக்கு வாங்கியது. 2024-ஆம் ஆண்டில், இலவசப் பதிப்பில் ஒரு பணித்தளத்துக்குப் பத்துப் பேர் மட்டுமே என்ற வரம்பு வந்தது. மேற்சொன்ன கழகத்தின் செயலவையில் பதினான்கு பேர். எந்த நால்வரை வெளியே நிறுத்துவது? பெரும்பாலும் கைப்பேசி இல்லாதவர்களும் படிவம் ஒன்று, இரண்டு மாணவர்களும்தான் வெளியே நிற்பார்கள். அந்த நிறுவனத்தைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. தன் பொருளுக்கு வரம்பு வைக்க அதற்கு உரிமை உண்டு. அந்த வரம்பைப் பாராமல் திட்டத்தைத் தொடங்குவதுதான் குழுவின் தவறு.

இன்னொரு நிகழ்வு இதைவிடக் கடுமையானது. ஜெர்மனியின் பெர்லின் நகரில் உருவான வுண்டர்லிஸ்ட் என்னும் வேலைப்பட்டியல் செயலியை உலகெங்கும் பலர் இலவசமாகப் பயன்படுத்தி வந்தனர். 2015-ஆம் ஆண்டில் மைக்ரோசாஃப்ட் அதனை வாங்கியது. 2020 மே 6-ஆம் நாள் அந்தச் சேவை நிறுத்தப்பட்டது. பட்டியல்களை வேறொரு செயலிக்கு மாற்றிக்கொள்ள வழி தரப்பட்டது உண்மைதான். ஆனால், பழகிய கருவியை விட்டு எப்பொழுது வெளியேறுவது என்பதைப் பயனாளர்கள் முடிவு செய்யவில்லை.

அப்படியானால் கட்டற்ற மென்பொருளையே எடுத்துக்கொள்ளலாமே என்று சிலர் வாதிடுவர். வீகான், தாய்கா, ஓப்பன்புராஜெக்ட், ரெட்மைன் போன்றவை இத்துறையில் உள்ளன. மலேசிய அரசுக்கும் இந்தச் சிந்தனை புதிதன்று. பொதுத்துறைக்கான திறந்த மூல மென்பொருள் பெருந்திட்டம் 2004-ஆம் ஆண்டிலேயே தொடங்கப்பட்டது. செலவைக் குறைப்பதும், ஒரே விற்பனையாளரைச் சார்ந்திராமல் விரும்பியதைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை விரிவாக்குவதும் அதன் நோக்கங்களுள் அடங்கும். ஓர் அரசுத் துறைக்கு இது பொருந்தும். அதனிடம் கணினிப் பிரிவும் ஊழியர்களும் உண்டு. பள்ளிக் கழகத்தின் நிலை வேறு. கட்டற்ற மென்பொருளுக்கு உரிமக் கட்டணம் இல்லையே தவிர, அதனை நிறுவ வழங்கி வேண்டும். வழங்கிக்கு மாதக் கட்டணம் வேண்டும். புதுப்பிக்கவும் பாதுகாக்கவும் ஒருவர் வேண்டும். கணினியில் ஆர்வமுள்ள படிவம் ஐந்து மாணவர் ஒருவர் எல்லாவற்றையும் ஆசையோடு அமைத்துக் கொடுப்பார். எஸ்.பி.எம். தேர்வு முடிந்ததும் அவர் பள்ளியை விட்டுப் போய்விடுவார். அவருடன் கடவுச்சொல்லும் போய்விடும். கட்டற்ற மென்பொருளில் உழைப்புதான் விலை. அந்த உழைப்பை ஆண்டுதோறும் தரக்கூடியவர் இருக்கிறாரா என்று பார்த்த பின்னரே அதில் இறங்க வேண்டும்.

கருவி எதுவாயினும், உள்ளே போட்டதை வெளியே எடுக்க முடியுமா என்பதைத் தொடக்கத்திலேயே சோதிப்பது நல்லது. இதன் அருமை தமிழ்க் கணிமையின் வரலாறு அறிந்தவர்களுக்கு நன்கு தெரியும். மலேசியரான முத்து நெடுமாறன் 1980களில் முரசு மென்பொருளை உருவாக்கத் தொடங்கிய காலத்தில் கணினியில் தமிழ் எழுதுவதே ஒரு சாதனை. அதன்பின் பலரும் பல எழுத்துருக்களை உருவாக்கினர். ஒவ்வொன்றும் தன் போக்கில் எழுத்துகளுக்குக் குறியீடு வைத்தது. ஓர் எழுத்துருவில் தட்டச்சு செய்த கட்டுரையை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் பொருளற்ற குறிகள்தான் தோன்றும். 1999-இல் சென்னையிலும் 2001-இல் கோலாலம்பூரிலும் நடைபெற்ற தமிழ் இணைய மாநாடுகளில் அறிஞர்கள் கூடிப் பேசியதற்கு இத்தகைய சிக்கல்களும் காரணமாக இருந்தன. இன்று ஒருங்குறி பரவிவிட்டதால், செயலியின் பொத்தான்கள் ஆங்கிலத்தில் இருந்தாலும் அட்டைகளில் தாராளமாகத் தமிழில் எழுதலாம். எழுத்து விடுதலை பெற்றுவிட்டது. கோப்புகள் இன்னும் முழுமையாகப் பெறவில்லை. சில செயலிகளின் இலவசப் பதிப்பில் தகவல்களைப் பதிவிறக்க முடியாது. முடிந்தாலும் சாதாரண மாணவர் திறந்து படிக்க இயலாத வடிவில் அவை வரும். இவ்வாண்டுச் செயலவையின் பட்டியலை அடுத்த ஆண்டுச் செயலவை படிக்க முடியாவிட்டால், ஒவ்வோர் ஆண்டும் விழாவை முதலிலிருந்து கற்க வேண்டியதுதான்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய கேள்வி, யாரிடம் கருவி இருக்கிறது என்பதே. நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்பில் இருந்த 2020-ஆம் ஆண்டில், கல்வி அமைச்சு ஏறத்தாழ ஒன்பது இலட்சம் மாணவர்களைப் பற்றி ஓர் ஆய்வு செய்தது. அவர்களுள் 36.9 விழுக்காட்டினரிடம் எந்த மின்னியல் கருவியும் இல்லை என்று தெரியவந்தது. அதன்பின் நிலைமை மாறியிருக்கலாம். ஆயினும், அண்ணன், தங்கை, தம்பி மூவருக்கும் ஒரே கைப்பேசி உள்ள வீடுகள் இன்றும் உள்ளன. இருக்கும் கைப்பேசியிலும் நினைவகம் நிரம்பியிருக்கும். புதிதாக ஒரு செயலியைப் பதிவிறக்க வேண்டுமானால் ஏதேனும் ஒன்றை நீக்க வேண்டும். மேலும், மாணவர்கள் பள்ளிக்குக் கைப்பேசி கொண்டுவரக் கட்டுப்பாடு உண்டு. கழகத்தின் கூட்டமோ பள்ளியில்தான் நடைபெறுகிறது. ஆக, கைப்பேசிச் செயலி ஒன்றை மட்டுமே நம்பும் குழு, தான் ஒன்றுகூடும் நேரத்தில் தன் திட்டத்தையே பார்க்க முடியாத விந்தையான நிலைக்கு ஆளாகிறது.

எனவே, இத்தகைய குழுவுக்குப் புதிய செயலியைவிடப் பகிரப்பட்ட விரிதாளே ஏற்றது. கல்வி அமைச்சு 2020 ஜூன் மாதத்தில் அறிமுகப்படுத்திய டெலிமா தளத்தின்வழி மாணவர்களுக்கு ஏற்கெனவே கணக்குகள் உள்ளன. அவற்றைக் கொண்டு கூகல் விரிதாளைத் திறக்கலாம். பள்ளிக் கணினிக் கூடத்திலும் பார்க்கலாம். அம்மாவின் கைப்பேசி உலாவியிலும் பார்க்கலாம். பதினான்கு பேருக்கும் இடமுண்டு. வேலை, பொறுப்பாளர், இறுதி நாள், நிலை, குறிப்பு என ஐந்து பத்திகள் போதும். யார் எதை எப்பொழுது மாற்றினார்கள் என்ற வரலாறும் அதில் பதிவாகும். தவறுதலாக அழித்ததை மீட்கலாம். விழா முடிந்ததும் ஒரு படியைப் பதிவிறக்கிப் பொறுப்பாசிரியரிடம் கொடுத்துவிடலாம்.

விரிதாளில் குறைகளும் உண்டு. சிறிய திரையில் பத்திகளை இழுத்து இழுத்துப் பார்ப்பது எரிச்சலூட்டும். இறுதி நாள் நெருங்கும்போது செயலிகளைப் போல் அது தானாகவே நினைவூட்டிக்கொண்டிருக்காது. பதினான்கு பேருக்கும் திருத்தும் உரிமை கொடுத்தால், ஒருவர் வரிசைகளை இடம் மாற்றி மற்றவரைக் குழப்புவதும் நடக்கும். இதற்கு மிகப் பழைய மருந்து ஒன்று உள்ளது. கழக அறையின் சுவரில் ஒரு பெரிய அட்டையை ஒட்டி, மூன்று பத்திகள் வரைந்து, ஒட்டுத்தாள்களில் வேலைகளை எழுதி வைப்பதே அது. விரிதாள் பதிவேடாக இருக்கட்டும். சுவர் நினைவூட்டியாக இருக்கட்டும். புலனக் குழுவையும் மூட வேண்டியதில்லை. பேச்சு அங்கே நடக்கலாம். முடிவை மட்டும் செயலாளர் அன்றே விரிதாளில் எழுதிவிட வேண்டும். எழுதப்படாத முடிவு முடிவாகாது என்று முதல் கூட்டத்திலேயே விதி செய்துகொண்டால் பல சண்டைகள் தவிரும்.

நாளை சைபர்ஜெயாவிலோ கோலாலம்பூரிலோ வேலைக்குச் செல்லப்போகும் மாணவர்கள் நிறுவனங்கள் பயன்படுத்தும் செயலிகளை இப்பொழுதே பழக வேண்டாமா என்ற கேள்வி எழும். அது நியாயமான கேள்வி. பல மாதங்கள் நீளும் பணிக்கு, கைப்பேசியும் இணையமும் தடையின்றி உள்ள பெரியவர்களின் சிறிய குழுவுக்கு, டிரெல்லோ போன்ற செயலி விரிதாளைவிட நன்றாகவே உதவும். படங்களை அட்டையோடு இணைக்கலாம், நினைவூட்டல் பெறலாம். ஆனால், பொத்தான்களைப் பழக ஒரு பிற்பகல் போதும். 'விழா ஏற்பாடு' என்ற பெரிய வேலையை, ஒருவர் ஒரு நாளில் முடிக்கக்கூடிய இருபது சிறு வேலைகளாகப் பிரிப்பதற்குத்தான் பயிற்சி வேண்டும். 'மேடையைக் கவனிப்பது' என்று எழுதினால் அது வேலையாகாது. 'மேடைத் திரைக்கு எட்டு மீட்டர் துணி வாங்குவது, பொறுப்பு இருவர், 12-ஆம் தேதிக்குள்' என்று எழுதினால் முடிந்ததா இல்லையா என்று யாரும் சொல்லிவிடலாம். இந்தப் பிரித்தெழுதும் திறன் சுவரிலும் வளரும்.

எந்தக் கருவியிலும் எழுதக்கூடாதவை சில உள்ளன. பெற்றோரின் தொலைபேசி எண்கள், அடையாள அட்டை எண்கள், வங்கிக் கணக்கு விவரங்கள் ஆகியவை திட்டப் பலகைக்கு உரியவை அல்ல. பொதுப் பார்வைக்கு எனத் தெரிவுசெய்துவிட்டால் சில செயலிகளின் பலகைகள் தேடுபொறிகளுக்கும் தென்படும். 'இணைப்பு உள்ள எவரும் பார்க்கலாம்' என்ற விரிதாள் அமைப்பும் ஏறக்குறைய அப்படித்தான். இணைப்பு கைமாறினால் தகவலும் கைமாறும். பல சேவைகள் வயது வரம்பு வைத்துள்ளதால், பதிமூன்று வயது மாணவர் பொய்யான பிறந்த ஆண்டைக் கொடுத்துக் கணக்குத் தொடங்கும் நிலையையும் கழகம் உண்டாக்கக் கூடாது.

முடிவெடுக்கும் முன் ஒரு வாரச் சோதனை செய்து பார்க்கலாம். முழு விழாவையும் ஏற்றாமல், சிற்றுண்டி ஏற்பாட்டை மட்டும் புதிய முறையில் நடத்த வேண்டும். வார இறுதியில் எத்தனை பேர் அதனைத் திறந்தார்கள், திறக்காதவர் ஏன் திறக்கவில்லை என்று கேட்க வேண்டும். "சோம்பல்" என்ற விடையை முதலில் ஏற்கக்கூடாது. கைப்பேசி இல்லை, கடவுச்சொல் மறந்துவிட்டது, தரவு தீர்ந்துவிட்டது என்ற விடைகள் அதன் பின்னால் நின்றுகொண்டிருக்கக் கூடும்.

கிள்ளான் கழகத்திற்கே திரும்பினால், அங்கே நான்காம் வாரத்தின் புதன்கிழமை. கழக அறைச் சுவரில் ஒரு வெள்ளை அட்டை. அதில் மஞ்சள் ஒட்டுத்தாள்கள். உடைக்குப் பொறுப்பான மாணவி கணினிக் கூடத்தில் விரிதாளைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள். கடைக்காரரிடம் அம்மாவின் கைப்பேசியில் முந்திய இரவே பேசி முடித்துவிட்டாள். 'நாடக உடை' என்று எழுதிய தாளை எடுத்து நடுப்பத்தியில் ஒட்டுகிறாள். பிறகு, அதன் கீழே யாரும் தொடாமல் கிடந்த 'ஒலிபெருக்கி' தாளைச் சுட்டிக்காட்டி, "இதற்கு இன்னும் பெயர் எழுதவில்லையே, யார் எடுத்துக்கொள்கிறீர்கள்?" என்று கேட்கிறாள்.